வாவிக்குக் குஞ்சு விடுவதா, வலையை நிறுத்துவதா?

மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் மீனவர் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்துக்கு இந்த முறை இரண்டு கோரிக்கைகள் எழுத்தில் வந்திருக்கின்றன. சேமிப்பில் கிடக்கும் காசில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வாங்கி வாவிக்குள் விடவேண்டும் என்கிறது ஒன்று. தங்கூசி என்னும் ஒற்றை இழை வலையை ஊருக்குள்ளேயே நிறுத்தி, கண்டல் மரங்கள் நிற்கும் கரையோரம் ஒரு துண்டை எவரும் வலை போடாத இடமாக ஒதுக்கவேண்டும் என்கிறது மற்றது. இரண்டு தாளிலும் பல கையெழுத்துகள் ஒரே ஆட்களுடையவை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆற்றில் (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்) மீன் குறைந்துவிட்டது, ஏதாவது செய்யுங்கள் என்ற தவிப்புத்தான் இரண்டிலும் இருக்கிறது.

ஆனால் இரண்டையும் அரைகுறையாகச் செய்யக் காசு காணாது. ஒரு தடவை செய்து பலன் இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வரமாட்டார்கள். காசைவிட அதுதான் எனக்குப் பயம்.

நான் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அப்பா நாற்பது வருடம் இந்த ஆற்றில் தோணி தள்ளியவர். கூட்டத்தில் வாய்த்தர்க்கம் தொடங்கினால் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மற்றச் சங்கங்களுக்கும், அம்பாறைப் பக்கம் திருக்கோவில், கோமாரி, பொத்துவில் களப்புகளில் தொழில் செய்கிறவர்களுக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும். என் முடிவு இதுதான்: குஞ்சு விடுவது குளத்துக்கு, ஒதுக்கி விடுவது வாவிக்கு. இனிக் காரணம் சொல்கிறேன்.

வாய் உள்ள தண்ணீர்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடலைப் பார்த்து அதற்கு இரண்டு வாய்: பாலமீன்மட்டு முகத்துவாரம் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. மழை இல்லாத மாதங்களில் அலை மண்ணைக் குவித்து வாயை அடைக்கும். மாரியில் குளங்கள் வான்பாய்ந்து, படுவான்கரை ஆறுகள் எல்லாம் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தில் அந்த மண்திட்டு தானாக உடையும், இல்லாவிட்டால் வெட்டித் திறப்பார்கள்.

நாங்கள் பிடிக்கிற நல்ல மீனில் பாதிக்கு இந்த வாய்தான் வாழ்க்கை. இறால் முட்டையிடுவது கடலில். ஒரு தாய் இறால் இலட்சக்கணக்கில் முட்டை விடும். அரை அங்குலம்கூட வராத குஞ்சுகள் பெருக்கோடு வாய்வழியே உள்ளே வந்து, கண்டல் வேருக்குள்ளும் கடற்புல்லுக்குள்ளும் மூன்று நான்கு மாதம் ஒளிந்து வளர்ந்து, திரும்ப முட்டையிடக் கடலுக்குப் போகும். களப்பு நண்டும் அப்படித்தான்: சோடி சேர்வது உள்ளே, சினை கட்டியதும் பெண் நண்டு வெளியே போய்விடும். மணலை கூட்டமாகக் கடலுக்குப் போய் முட்டையிட்டு வரும். கொடுவா முட்டையிடுவது முகத்துவாரத்தை ஒட்டிய உப்புத் தண்ணீரில். குஞ்சுகள் மேலே ஏறி நன்னீர் வரைக்கும் போகும். பிறப்பு முதல் சாவு வரை இந்த வாவிக்குள்ளேயே முடித்துக்கொள்வது திலாப்பியா போன்ற சில மட்டுமே.

குளம் வேறு. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி, அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரம், எதை எடுத்தாலும் அணைக்கட்டுத்தான் வேலி. வான்பாயும் நேரம் கொஞ்சம் தப்பிப் போகும்; மீதி அங்கேயே இருக்கும். குஞ்சு விட்டவருக்கும் பிடிப்பவருக்கும் இடையில் கணக்குச் சொல்லலாம்.

முதல் கோரிக்கைத் தாளை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “ஆத்துக்குள்ள விட்டது ஆருக்கெண்டு சொல்லேலுமா மகள்?” என்றார். ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 56 கிலோமீற்றர் தண்ணீரில் ஒரு ஊர் விட்ட குஞ்சை அடுத்த ஊர் வலை பிடிக்கும், அதற்கடுத்த ஊர்ப் பக்கத்துப் பெரிய மீன் தின்னும், மீந்தது கடலுக்குப் போகும். அதில் குற்றம் இல்லை, ஆறு எல்லாருக்கும் பொது. ஆனால் நூறு குடும்பம் சீட்டுக் கட்டுவதுபோல் சேர்த்த காசை அதில் போடலாமா என்பது வேறு விஷயம்.

குளத்தில் குஞ்சு: நம்பிச் செய்யலாம்

எங்கள் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் குளத்து மீனவர்கள். அவர்களுக்காக இதை விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் ‘குஞ்சு விடுவது வீண்’ என்று நான் சொல்வதாகப் பேச்சு அடிபடுகிறது. நான் சொன்னது வாவியைப் பற்றி.

இலங்கைக் குளங்களின் மீன்பிடியே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீனில்தான் எழுந்தது. திலாப்பியா இங்கே வந்தது 1952இல். அது நிற்கும் தண்ணீரிலேயே குழி பறித்துக் கூடு கட்டி, முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காத்துப் பெருகும். ஒருமுறை விட்டால் போதும், பிறகு தானே பார்த்துக்கொள்ளும். ஆகவே பெரிய குளத்துக்குத் திலாப்பியாக் குஞ்சு வாங்கக் கேட்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம், வலைக் கண்ணைச் சரியாக வையுங்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் நீட்டிப் பிடித்து அளந்தால் 8.5 சென்றிமீற்றருக்குக் குறைந்த கண் வலை கூடாது என்பது சட்டம். அதை மதித்தாலே திலாப்பியா நிற்கும்.

கெண்டை வகைகளான கட்லாவும் ரோகுவும் அப்படி இல்லை. அவற்றுக்கு முட்டையிட ஓடுகிற வெள்ளம் வேண்டும். குளத்தில் வளரும், பெருகாது. வருடா வருடம் குஞ்சு விட்டால்தான் உண்டு. கோடையில் வற்றிப்போகும் சிறு குளங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். மாரியில் குளம் நிறைந்ததும் விடுவது, ஆடி ஆவணியில் தண்ணீர் இறங்க இறங்கப் பிடிப்பது. குளம் வற்றுவதே அறுவடைக்கு வசதி.

காசு போட்டு ஏமாறுகிற இடம் குஞ்சின் அளவு. மிகச் சின்னக் குஞ்சு மலிவு. ஒரே காசுக்குத் தொகை நிறைய வரும், படம் எடுக்க அழகாக இருக்கும். இரண்டு வாரத்தில் நீர்க்காகமும் விராலும் தின்று முடித்துவிடும். ஐந்து சென்றிமீற்றருக்கு மேல் வளர்ந்ததை, தொகை குறைந்தாலும், வாங்குங்கள். நக்டா என்று நாங்கள் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கும்போது எண்ணிக்கையை மட்டும் கேட்டு வராமல் அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சின்னக் குஞ்சுதான் கிடைக்குமென்றால், குளத்தின் ஒரு மூலையில் வலைக்கூடு கட்டி இரண்டு மாதம் வளர்த்து விடலாம்.

அடுத்தது, தண்ணீர் நமக்கானதல்ல. அது வயலுக்கான தண்ணீர். விவசாய அமைப்போடும் கமநல சேவை நிலையத்தோடும் முதலே பேசி, குளத்தை எந்த மட்டத்துக்குக் கீழ் இறக்கமாட்டார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் குஞ்சு வாங்கக்கூடாது. சிறுபோகம் செய்யும் வருடத்தில் தண்ணீர் முன்னதாகவே முடிந்துவிடும். மீன் கைவிரல் பருமனிலேயே நிற்கும்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியது. குஞ்சு பொரிப்பு நிலையங்கள் கைவிடப்பட்டன, குளங்களில் மேற்பார்வையும் போனது. 1989இல் 40,000 தொன்னை நெருங்கியிருந்த நாட்டின் நன்னீர் மீன் உற்பத்தி 1994 அளவில் 12,000 தொன்னுக்கு இறங்கியது. அந்த வருடம்தான் ஆதரவு திரும்பியது. குஞ்சை நம்பிய மீன்பிடி, குஞ்சு தருகிறவரை நம்பிய மீன்பிடி. ஆகவே குளத்து வருமானத்தில் ஒரு பங்கை அடுத்த வருடக் குஞ்சுக்கென்று முதலிலேயே பிரித்து வைக்காத சங்கம் இதைத் தொடங்கக்கூடாது.

வாவியில் இறால் குஞ்சு: ஆசை இருக்கிறது, வழி இல்லை

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் வந்து எங்கள் துறையடியில் இறால் குஞ்சு விட்டது. பந்தல், மாலை, புகைப்படம் எல்லாம் நடந்தது. எங்கள் ஆட்களும் மனநிறைவோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள், நானும் நின்றேன். அடுத்த மாதமே அதே துறையடியில் நுணுக்கக் கண் வலையில் முளைக்கீரை விதை மாதிரி இறால் ஏறியது. கருவாட்டுக்கும் ஆகாத இறால். விட்ட குஞ்சுதானா, தானாக வந்த குஞ்சா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு மனம் பொறுக்கவில்லை: குஞ்சு விடும் செலவில் ஒரு பங்கைக்கூட அந்த வலையை மாற்ற யாரும் போடவில்லை.

கடல் நமக்கு இலவசமாகவே குஞ்சு அனுப்புகிறது. வாய் திறந்திருக்கும் நாட்களில் உள்ளே வரும் இயற்கைக் குஞ்சோடு ஒப்பிட்டால், ஒரு சங்கம் வாங்கக்கூடியது கைப்பிடி. குறைவு குஞ்சில் இல்லை. வந்த குஞ்சு மூன்று மாதம் உயிரோடு இருக்க இடம் இல்லாததில்தான்.

நோய்ப் பயமும் உண்டு. 1996இல் வடமேல் கரையோரப் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவி இறால் தொழிலே ஆடிப்போனது. பண்ணைக் குளமென்றால் வடித்து, காயவைத்து, மறுபடி தொடங்கலாம். வாவியை வடிக்க முடியாது. பரிசோதனைச் சான்று இல்லாத குஞ்சை, இலவசமாகத் தந்தாலும், ஆற்றில் விட நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

வாவிக்கரையில் பண்ணைக் குளம் வெட்டலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்த நாட்டில் பெரிய அளவு இறால் வளர்ப்பு 1970களின் இறுதியில் முதலில் தொடங்கியதே மட்டக்களப்பில்தான். சண்டையால் அது வடமேல் கரைக்குப் போனது. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் நடந்த படுகொலையில் உயிர்விட்டவர்களின் குடும்பங்கள் இன்றும் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. அதை அறியாமல் பண்ணையைப் பற்றி இங்கே யாரும் பேசக்கூடாது. தொழிலாக அதை மறுபடி தொடங்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் கண்டலை வெட்டிக் குளம் தோண்டினால் ஆற்று இறாலின் வீட்டை இடித்துப் பண்ணை இறாலுக்கு வீடு கட்டுவதாகும். அது வளர்ப்பு, நாம் பேசுவது ஆற்றைக் காப்பது. இரண்டையும் ஒரே தாளில் கேட்கவேண்டாம்.

தங்கூசியும் கண்ணும்

தங்கூசி வலை 2006இலிருந்து நாட்டில் தடை. ஆனாலும் அது ஏன் எல்லார் தோணியிலும் கிடக்கிறது என்பதை நேர்மையாகப் பேசவேண்டும். மலிவு. தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாது. பகலிலும் பிடிக்கும். முதலாளி முற்பணத்தோடு சேர்த்துத் தருவார். அறுந்தால் தைக்க முடியாது, ஆற்றிலேயே எறிந்துவிடுவோம். எறிந்த வலை அதன்பிறகும் மீனைக் கொன்றுகொண்டு கிடக்கும். போன கோடையில் தண்ணீர் வற்றியபோது கண்டல் வேரில் சுற்றிக் கிடந்த வலைக்குள் செத்த நண்டுகளைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே பலர்.

தடையை நிறைவேற்றுங்கள் என்று திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுவது சுலபம். அதிகாரிகள் வந்து வலையை எரிப்பார்கள். எரிவது ஆருடையது? தோணி ஒன்று, வலை நாலு துண்டு என்று வாழும் ஆளுடையது. அவர் மறுநாள் கடன்பட்டு அதே வலையை வாங்குவார். அதனால்தான் நான் சொல்கிறேன், சங்கத்தின் காசு போகவேண்டிய இடம் இது: ஒரு தங்கூசித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால் அனுமதிக்கப்பட்ட கண்ணளவில் சாதாரண நைலோன் நூல் வலை ஒரு துண்டு, பாதி விலைக்கு, மீதி தவணையில். முதலாளியிடம் வலைக்கடன் உள்ளவர்களுக்கு முதலில் கொடுக்கவேண்டும்; அவர்கள்தான் தாமாக விடமுடியாமல் மாட்டிக்கொண்டவர்கள்.

கண்ணைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பவேண்டாம். கொடுவாவைப் பாருங்கள். அது ஆணாகவே பிறந்து வளரும். பல வருடம் வாழ்ந்து, 80, 90 சென்றிமீற்றர் அளவுக்கு வந்தபிறகுதான் பெண்ணாக மாறும். வாவியில் பிடிபடும் பெரிய கொடுவா ஏறக்குறைய எல்லாமே தாய் மீன். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் பிடித்தால், தாயை மட்டும் தேடிப் பிடித்ததாக முடியும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்றிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120ஐத் தாண்டியதையும் திருப்பி விடவேண்டும் என்று இதனால்தான் விதி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் காலத்தில் ஆள் நீளக் கொடுவாவைத் தோளில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவது பெருமை. இன்று அப்படி ஒன்று ஏறினால் ஊரே கூடிப் பார்க்கிறது. அந்த மீனை விடச் சொன்னால் விடுவார்களா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

நண்டுக்கு வலைக்கண் விதி பெரிதாக உதவாது. வாங்குகிறவர் கையில்தான் அது இருக்கிறது. சிங்கப்பூரில் ‘இலங்கை நண்டு’ என்று பெயர் சொல்லி விற்கும் அளவுக்குப் பேர்போனது எங்கள் களப்பு நண்டு. சின்ன நண்டையும் சினை நண்டையும் வாங்கமாட்டோம் என்று துறையடிக்கு வரும் வியாபாரிகள் சேர்ந்து சொன்னால் அடுத்த வாரமே பிடிப்பது நிற்கும். செலவில்லாத நடவடிக்கை இதுபோல் வேறு இல்லை.

காலத்தை மூடுவதா, இடத்தை மூடுவதா

மூடுகாலம் நமக்குப் புதிதல்ல. சிங்க இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மூன்று மாதமும் தடை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வருடம்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அரசு குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்கிறது. கேரளத்து அஷ்டமுடிக் காயலில் மட்டி அள்ளுவது 1990களின் தொடக்கத்தில் சரிந்தபோது, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிறுத்தினார்கள், வலைக் கண்ணுக்கும் அளவு வைத்தார்கள். 2014இல் அந்த மட்டித் தொழிலுக்குப் பேண்தகு மீன்பிடிக்கான சர்வதேசச் சான்றிதழ், இந்தியாவிலேயே முதலாவதாக, கிடைத்தது.

ஆனால் அந்த உதாரணங்கள் எல்லாம் ஒரே வகைப் பிடிப்பைப் பற்றியவை. வாவியில் ஒவ்வொரு மாதமும் வேறு மீன், வேறு வலை. எல்லாவற்றையும் இரண்டு மாதம் நிறுத்தினால் தோணிக் குடும்பம் எதைச் சாப்பிடும்? கடலுக்குப் போக இயந்திரப் படகு அவர்களிடம் இல்லை. நிவாரணம் தர எங்கள் சங்கத்துக்கு வக்கில்லை. முழு மூடுகாலத்தை நான் ஆதரிக்கவில்லை. நான் ஏற்பது ஒன்றே ஒன்று: முகத்துவாரம் திறந்து குஞ்சு ஏறும் வாரங்களில் வாய்க்கு அருகே நுணுக்கக் கண் வலையும், குறுக்கே மறித்துக் கட்டும் வலையும் வேண்டாம். அது சில வாரம். பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் தொழில் செய்வோரோடு பேசாமல் எங்களால் அதை முடிவு செய்யவும் முடியாது.

இடத்தை மூடுவது சிறிய சங்கத்தால் முடியும். பிலிப்பைன்ஸின் அப்போ தீவில் 1982இலேயே மீனவர்கள் தங்கள் பவளப்பாறையில் ஒரு சிறு துண்டை ஒதுக்கினார்கள். வருடங்கள் போகப் போக அதற்குள் மீன் பெருகி, ஓரத்தில் தூண்டில் போடுகிறவருக்கும் கிடைக்கத் தொடங்கியது. பவளப்பாறையும் சேற்றுக் களப்பும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பாறை மீன் பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்து தாயாகும். எங்கள் இறால் மூன்று மாத விருந்தாளி. ஆனால் எங்களுக்குத் தேவை அந்த மூன்று மாதம்தான். கண்டல் வேர் தண்ணீருக்குள் இறங்கும் ஓரம், அதற்கு முன்னால் கடற்புல் படர்ந்த மேடு, தோணி தள்ளக் கஷ்டமான ஆழமில்லாத பகுதி. எந்தப் பகுதி என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே வருமானம் குறைவு, குஞ்சு அழிவு அதிகம். விட்டுக்கொடுக்க ஆகக் குறைந்த வலி உள்ள இடம் அது.

யார் காவல்? நீர்கொழும்புக் களப்பில் கம்பு நட்டுக் கட்டுவலை போடும் நான்கு சங்கங்கள் தலைமுறைகளாக இடத்தைச் சீட்டுப்போட்டுப் பங்கிடுகின்றன. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து நிற்கவேண்டிய தேவை இல்லை, ஏனென்றால் முறை தவறினால் நஷ்டம் அடுத்த சங்கக்காரருக்கு. அவர் சும்மா விடமாட்டார். நாங்களும் காவலைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யமுடியாது. இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களே முறைவைத்துப் பார்க்கவேண்டும். அதற்குப் பதிலாக, ஒதுக்கிய இடத்தின் வெளி விளிம்பில் முதல் வலை போடும் உரிமையை முறைக்காரருக்குக் கொடுக்கலாம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தில் முகாமைத்துவப் பிரதேசம் அறிவிக்கவும் வழி இருக்கிறது. முதலில் ஊர்க்கட்டாக ஒரு வருடம் நடத்திக் காட்டிவிட்டு அதைக் கேட்போம்.

நம் கையில் இல்லாத இரண்டு

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பது எங்கள் எல்லாத் திட்டத்தையும்விடப் பெரிய முடிவு. வயலுக்குள் வெள்ளம் ஏறுகிறது, வெட்டு என்பார் விவசாயி. முன்கூட்டி வெட்டினால் வளராத இறாலும் தண்ணீரோடு போய்விடும், ஆறு வற்றிவிடும் என்பார் மீனவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் எங்கள் பக்கத்தில். மாரியில் வேளாண்மை, கோடையில் ஆறு. வாய் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒடிசாவின் சிலிக்காக் களப்பே சாட்சி. அங்கே 2000 செப்டெம்பர் 23இல் புதிய வாய் வெட்டினார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் 1,700 தொன்னளவில் இருந்த பிடிப்பு 2001-02இல் 12,000 தொன்னை நெருங்கியது. நாங்கள் கேட்கவேண்டியது ஒன்று: வெட்டும் நாளை முடிவு செய்யும் மாவட்டக் கூட்டத்தில் வாவி மீனவருக்கும் ஒரு கதிரை.

கண்டல் நடுவதைப் பற்றிச் சுருக்கமாக. நடுவதற்கு எல்லாரும் விருப்பம், காசும் வரும். ஆனால் 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இலங்கையில் நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200, 220 ஹெக்டேயர்தான் தேறியது என்று கண்டது. பிழையான தண்ணீர் மட்டத்தில் நட்டது, நட்டபின் பார்க்காதது முக்கிய காரணங்கள். ஆகவே ஒதுக்கும் இடத்தில் மாடு மேய்வதையும் விறகு வெட்டுவதையும் நிறுத்தினால் போதும். விதை தானாக விழுந்து தானாக முளைக்கும். செலவு இல்லை.

கூட்டத்தில் நான் முன்வைப்பது

சேமிப்பில் பெரும்பங்கு வலை மாற்றத்துக்கு. அடுத்த பங்கு, குளத்து உறுப்பினர்கள் விவசாய அமைப்போடு எழுத்தில் ஒப்பந்தம் கொண்டுவந்தால், ஒரு சிறு குளத்துக்குப் பெரிய குஞ்சு வாங்க. இந்த மாரிக்கு ஒன்று மட்டும். வாவிக்குக் குஞ்சு வாங்க ஒரு சதமும் இல்லை. ஒதுக்கும் இடத்துக்குக் காசு தேவையில்லை, சம்மதம்தான் தேவை. அதை வாக்கெடுப்பால் திணிக்கக்கூடாது. அந்த ஓரத்தில் தோணி இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் அத்தாங்கு பிடித்து இறால் அள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். சங்கத்தில் அவர்களுக்கு உறுப்புரிமைகூட இல்லை. இரண்டு கோரிக்கைத் தாளிலும் அவர்களில் ஒருவருடைய கையெழுத்தும் இல்லை. நஷ்டப்படப்போவது முதலில் அவர்கள். எல்லையை அவர்கள் நடந்து காட்டட்டும். அவர்கள் அள்ளும் இடத்தை வெளியே விட்டு மீதியை மூடுவோம். துண்டு சின்னதானாலும் பரவாயில்லை.

பலன் தெரிய எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். இறாலில் ஒரு மாரி, ஒரு கோடை போதும் என்று நினைக்கிறேன். கொடுவாவில் உங்கள் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். ஒதுக்கிய இடத்தின் விளிம்பிலும் தூரத்திலும் ஒரே கண் வலையை மாதம் ஒருமுறை போட்டு, எண்ணி, நிறுத்து, கொப்பியில் எழுதுவோம். அந்தக் கொப்பியை நான் வைக்கிறேன். இரண்டு மாரி கழித்தும் வித்தியாசம் இல்லையென்றால் இடத்தை மாற்றுவோம். மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் வாங்கிய ஊரில் ஆத்துமீன் கறி வைப்பது கலியாண வீட்டுச் செலவுபோல் ஆகிவிட்டது. எனக்கு அது மானப் பிரச்சினை.

எல்லைக்கு முதல் மழைக்கு முன் கம்பு நடவேண்டும். கண்டலில் ஒரு தடிகூட வெட்டக்கூடாது. பனை மரம் தறிக்க இருப்பவர்கள், பழைய கூரை மரம் வைத்திருப்பவர்கள் கூட்டத்துக்கு முன் என்னிடம் பெயர் கொடுங்கள். தோணியில் ஏற்றிப்போக அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார்.